தூத்துக்குடி செல்வோர் கவனத்திற்கு

• பனிமய மாதா பேராலயம்: 1713-இல் போர்த்துக்கீசியக் கட்டட மரபில் எழுப்பப்பட்ட இப்பேராலயத்தில் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை ஆண்டுத் திருவிழா நடைபெறுவதால், விழாவைக் காண விரும்புவோர் தங்குமிடத்தை முன்னரே பதிவுசெய்வதும், கட்டடக்கலையை ஆற அமர நோக்க விரும்புவோர் வேறு நாள்களைத் தேர்வதும் நலம்.

• கொற்கை: பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய இவ்வூர், தாமிரபரணியின் வண்டல் படிந்து கடல் விலகியமையால் இன்று உள்நாட்டுச் சிற்றூராக உள்ளது, ஆகவே கடற்கரையை எதிர்பார்த்துச் செல்லாமல், இறந்தோரைப் புதைத்த பெரிய மட்கலங்களான முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரையும் இணைத்து ஒரே நாளில் காணத் திட்டமிடலாம்.

• உப்பளங்கள்: கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காய்ச்சும் இத்தொழில் வடகிழக்குப் பருவமழையில் ஓய்ந்துவிடும் என்பதால் கோடையே பார்ப்பதற்கு ஏற்ற காலம், உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்யுமாதலின் காலையில், உரிமையாளரின் இசைவு பெற்றுச் செல்ல வேண்டும்.

• முத்தும் பவளப்பாறையும்: சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு இக்கடலில் நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டமையால், ‘புதிதாக எடுத்த தூத்துக்குடி முத்து’ என விற்கப்படுவதை ஐயத்துடன் அணுக வேண்டும், பவளப்பாறைத் துண்டுகளையும் கடற்குதிரைகளையும் வாங்குவதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

• மக்ரூன்: முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரி சேர்த்துச் செய்யப்படும் இவ்வினிப்பு ஈரக்காற்றில் எளிதில் நமத்துப்போவதால், ஊர் திரும்பும் நாளில் வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.