மகள் விடுதியில் அழுகிறாள்

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என் மகள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருக்கிறாள். வகுப்பில் எதுவும் புரியவில்லை என்று விடுதியிலிருந்து தினமும் போனில் அழுகிறாள். திரும்ப அழைத்து வந்துவிடலாமா?
– ஒரு தாய், தருமபுரி

பதில்: வேண்டாம், சகோதரி. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் இடம் அது. அவளே படித்து வாங்கியது.

அவள் தடுமாறுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், பாடத்தில் அல்ல. முதல் ஆண்டுக் கணிதத்தில் வரும் அணிகளுக்கும் நுண்கணிதத்துக்கும் அடிப்படையை பிளஸ் டூவில் தமிழில் படித்திருக்கிறாள். அதே பிளஸ் டூ கணிதப் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பையும் வாங்கிக் கொடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் சில வாரங்களில் வகுப்பு பிடிபடும். பைத்தான் நிரல்மொழி வேறு விஷயம். அதைக் கணினியில் தானே எழுதிப் பார்த்தால்தான் வரும்.

விடுதியை அவள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு பேர் சேர்ந்து அன்றைய கணக்குகளைப் போடட்டும். ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவதை அறைத்தோழியிடம் கேட்டுவிடலாம். சீனியர்களிடம் பழைய வினாத்தாள்கள் இருக்கும். ஒரு தாளில் அரியர் விழுந்தாலும் மறுபடி எழுதலாம் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள்.

வேலை பற்றிய கவலை இந்த வருடம் வேண்டாம். வேலைக்குத் தயார்படுத்தும் அரசின் 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகள் கல்லூரி வழியாகவே வரும்.

போனில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், தோழிகளின் பெயரைக் கேளுங்கள். ஒரு பெயர்கூட வரவில்லை என்றாலோ, சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ, உடனே பஸ் ஏறிப் போய் வார்டனையும் வகுப்பு ஆலோசகரையும் பாருங்கள்.