கபடிப் பயிற்சியாளர் பணி: கூமாப்பட்டி இளைஞருக்கு ஒரு கடிதம்

பயிற்சித் துறைக்கு வர நினைக்கும் இளைஞருக்கு,

தொழில்முறை விளையாட்டில் தலைமைப் பயிற்சியாளர் பதவி நிலையான வேலை அல்ல. புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணியின் வரலாறே இதைக் காட்டிவிடும். 2017-ல் லீக் எட்டு அணிகளிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது இந்த அணி உருவானது. முதல் பருவத்தில் பயிற்சியாளர் கே. பாஸ்கரன், 2014-ல் ஜெய்ப்பூர் அணியை லீக்கின் முதல் சாம்பியனாக்கியவர். அடுத்த ஆண்டு அவர் இல்லை, எடச்சேரி பாஸ்கரன் வந்தார். 2019 பருவத்தின் நடுவிலேயே பொறுப்பு ஜெ. உதயகுமாரிடம் போனது. 2022-ல் தொடர் தொடங்கிய கொஞ்ச நாளில் அவரும் விலக, அஷன் குமார் பொறுப்பேற்றார். 2024-ல் மறுபடி உதயகுமார், அவருடன் வியூகப் பயிற்சியாளராகத் தர்மராஜ் சேரலாதன். 2025-ல் சஞ்சீவ் பாலியான். எட்டுப் பருவங்களில் ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள், அவர்களில் ஒருவர் இரண்டு முறை. அத்தனை மாற்றத்துக்கும் ப்ளே-ஆஃப் சுற்றுக்குள் அணி நுழைந்தது ஒரே ஒரு பருவத்தில்தான்.

இந்த ஐவரில் எவரையும் திறமை குறைந்தவர் என்று சொல்ல முடியாது. பாலியான் 2022-ல் ஜெய்ப்பூருக்கு இரண்டாவது கோப்பை வாங்கித் தந்தவர். ஆகவே காரணத்தைத் தனி மனிதர்களிடம் தேடுவதைவிட அந்தப் பதவி அமைந்திருக்கும் விதத்தில் தேடுவதே சரி. லீக் அணி ஏலத்தில் உருவாகிறது. செலவுக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு பெரிய ரைடருக்குக் கோடிக்கணக்கில் கொட்டினால் கார்னரிலும் கவரிலும் நிற்கும் தற்காப்பு வீரர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம். தொடர் தொடங்கிவிட்டால் காயம்பட்டவருக்கு மாற்று ஆள் எடுக்கலாமே தவிர, அணியைப் பிரித்து மறுபடி கட்ட முடியாது. 2024 வரை ஒவ்வொரு அணிக்கும் லீக் சுற்றிலேயே இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் இருந்தன. ஐந்தாறு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் உரிமையாளர் ஏதாவது செய்தே தீர வேண்டிய நெருக்கடி வருகிறது. அவரால் உடனே மாற்றக்கூடியவர் ஒருவர்தான்.

2022 பருவம் இதற்கு நல்ல பாடம், அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்குத் தலைவாஸ் ஏலத்தில் எடுத்தது. லீக்கில் அதுவரை யாருக்கும் அவ்வளவு தொகை போனதில்லை. குஜராத்துடன் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் காயம். ஆட்டம் 31-31 எனச் சமனில் முடிந்தது, ஆனால் அந்தப் பருவம் முழுக்க அவர் களத்துக்குத் திரும்பவில்லை. அணியின் திட்டம் முழுதும் அவரைச் சுற்றியே அமைந்திருந்தது. தோல்விகள் வந்தன, பயிற்சியாளர் மாறினார். அதன்பின் நரேந்தர் என்ற புதுமுக ரைடர் எழுந்து நின்றார். அறிமுகப் பருவத்திலேயே 243 ரைடு புள்ளிகள். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 எனச் சமனாகி, டை-பிரேக்கரில் வென்று அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோல்வி.

புதிய பயிற்சியாளர் வந்தார், அணி ஜெயித்தது என்று இதைச் சுருக்கிச் சொல்வது எளிது. ஆனால் வலது கார்னரில் அணியைத் தாங்கிய சாகர் முந்தைய பருவத்திலேயே உதயகுமாரின் கீழ் ஆடி வளர்ந்தவர். தற்காப்பு வரிசையில் அவரோடு நின்ற வேறு சிலரும் அப்படியே. அஷன் குமார் கலங்கிப்போயிருந்த ஓர் அணியை நிமிர்த்தினார், அது பெரிய காரியம். அதற்காக முன்னவர் விதைத்தது இல்லையென்று ஆகிவிடாது. பாதியில் வெளியேறிய பயிற்சியாளரின் உழைப்பு புள்ளிப்பட்டியலில் அவர் பெயரில் பதிவாவதில்லை. இந்தத் துறைக்கு வருகிறவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான்: பதவி போனது என்பதை வைத்து ஒருவரின் தகுதியைக் கணக்கிடக் கூடாது, தன் தகுதியையும் சேர்த்து.

பொறுத்திருந்து பலன் கண்ட அணிகளும் உண்டு. மன்பிரீத் சிங் 2022-ல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு வந்தார். அந்த ஆண்டு அணி ப்ளே-ஆஃபுக்குப் போகவில்லை. நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் இறுதியாட்டம், புனேரியிடம் 25-28 என்று தோல்வி. அப்போதும் அவரே. 2024 டிசம்பர் 29-ல் பாட்னாவை 32-23 என வென்று ஹரியானா முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. பெங்களூரு புல்ஸில் ரந்தீர் சிங் 2014 முதல் 2024 வரை நீடித்தார். இடையில் ஒரு கோப்பையும் வந்தது. கடைசிப் பருவத்தில் 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. அதோடு அந்த நீண்ட பயணமும் முடிந்து, பெங்காலுக்கும் புனேவுக்கும் கோப்பை வென்று தந்த பி.சி. ரமேஷ் வந்தார்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் பயிற்சியாளர்களின் பதவி நீக்கத்துக்கென்றே ஒரு நாள் உண்டு. 32 அணிகளின் லீக் சுற்று முடிந்த மறுநாளான திங்களில் பயிற்சியாளர்கள் வரிசையாக வெளியே அனுப்பப்படுவார்கள். அங்கே அதைக் 'கறுப்புத் திங்கள்' என்கிறார்கள். அதே லீக்கில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 1969 முதல் 2024 வரை மூன்று தலைமைப் பயிற்சியாளர்களோடு காலம் தள்ளியது. முதலாமவர் சக் நோல். அவருடைய முதல் பருவத்தில் ஒரு வெற்றி, பதின்மூன்று தோல்வி. அணி அவரை விடவில்லை, பின்னாளில் அவர் நான்கு சூப்பர் பவுல் வென்றார். அந்த அணியின் உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் 2003-ல் ஒரு விதியும் வந்தது: தலைமைப் பயிற்சியாளரை எடுக்கும்போது கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினரில் ஒருவரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும் என்று அப்போது அது சொன்னது. வேலை கிடைக்கும் என்ற உறுதியை அந்த விதி தரவில்லை. மூடியிருந்த கதவைத் தட்டும் உரிமையைத் தந்தது.

நம் நாட்டுக் கபடியில் அப்படி ஒரு விதி இல்லை. முன்னாள் வீரர் என்ற பெயரும் ஏற்கெனவே உள்ள அறிமுகமுமே பெரும்பாலும் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின் நம் நாட்டில் பல ஆண்டுகள் பயிற்சி தந்தவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் பயிற்றுவித்த ஈரான் பெண்கள் அணி இந்தியாவை 27-24 என வீழ்த்தித் தங்கம் வென்றது. உள்ளூரில் யாரைப் பார்க்காமல் விட்டோம் என்று இந்தியக் கபடி வருந்த வேண்டிய நாள் அது.

கூமாப்பட்டி இருக்கும் வத்திராயிருப்பு வட்டாரத்திலிருந்து கிளம்பும் ஒருவருக்கு அறிமுகம் குறைவாகத்தான் இருக்கும். அந்த இடத்தைக் கல்வித் தகுதி ஓரளவு நிரப்பும். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ, அரசு வேலைக்கும் தனியார் அணிக்கும் ஒருசேர மதிப்புள்ள சான்று. அதே நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் நடத்துகிறது. பி.பி.எட். படிக்கக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அதை முடித்தால் உடற்கல்வி ஆசிரியர் பணிக்கும் வழி உண்டு. லீக் என்பது ஆண்டில் சில மாதங்கள் நடக்கும் தொடர். பள்ளியோ கல்லூரியோ அரசுத் துறையோ ஏதோ ஓரிடத்தில் மாதச் சம்பளம் வரும் கால் ஒன்று ஊன்றியிருந்தால்தான், ஒரு பருவத்துக்கு மட்டும் கையெழுத்தாகும் வேலையைத் துணிந்து ஏற்கவும் மறுக்கவும் முடியும்.

அணியில் முதல் இடம் துணைப் பயிற்சியாளர் இடமாகவே இருக்கும். தலைமை மாறும்போது துணையும் சேர்ந்து போவது வழக்கம், எல்லா இடத்திலும் அல்ல. சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியில் தலைமைப் பயிற்சியாளராக வெளிநாட்டவர் ஒருவர்பின் ஒருவராக வந்து போனபோதும் சபீர் பாஷா துணைப் பயிற்சியாளராகத் தொடர்ந்தார். 2022-ல் போஜிதார் பண்டோவிச் நீக்கப்பட்டபோது அணியை இடைக்காலமாக ஏற்று நடத்தியவரும் அவரே. வீரர்களின் மொழியும் உடல்நிலையும் வீட்டுக் கவலையும் தெரிந்த ஒருவர் எந்தத் தலைமைக்கும் தேவைப்படுவார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏலத்தின்போது மேசையில் பயிற்சியாளருக்கு இடம் உண்டா? ஆடும் எழுவரைத் தீர்மானிப்பது யார்? நட்சத்திர வீரர் பயிற்சிக்கு வரவில்லை என்றால் நிர்வாகம் யார் பக்கம் நிற்கும்? நடுவில் நீக்கினால் மீதிச் சம்பளம் உண்டா? இவற்றுக்கான பதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் பருவத்தின் ஐந்தாவது தோல்வி வரைதான் தாங்கும். அணி எடுப்பதில் பங்கே இல்லை, பழி மட்டும் உண்டு என்று தெரிந்தால், எவ்வளவு பெரிய பெயருள்ள அணியானாலும் அந்த வேலையை மறுப்பதே மேல்.

விலக நேர்ந்தால் வீரர்களின் காயக் குறிப்பும் பயிற்சிக் கணக்கும் அடுத்து வருபவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முழங்கால் சரியாகாத பத்தொன்பது வயதுப் பையனை, விவரம் தெரியாத புதியவர் மறுநாளே களத்தில் இறக்கிவிடக்கூடும்.