வெள்ளைப்படுதலும் நுண்கூற்றுச் சோதனையும்

மகளிர்க்கு உண்டாகும் பிணிகளுள் வெள்ளைப்படுதல் என்று நம் நாட்டார் வழங்குவதொன்று உண்டு. தாயிடத்தும் உரையாது மறைக்கப்படும் இதனைக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என்பார் உளராயின், மறைத்தலால் வளரும் நோயை எழுதுதல் தகும் என்பதே எம் விடை.

பலபொருள் குறித்த ஒருசொல் வருமிடத்து, வினையும் இனமும் சார்பும் நோக்கிப் பொருள் துணிதல் இலக்கண நூலார் முறை. 'மா' என்பது மரமோ விலங்கோ என்னும் ஐயத்தைப் 'பூத்தது' என்னும் வினை நீக்கிவிடும். வெள்ளைப்படுதலும் அத்தகையதொரு சொல்லே. சிலகால் அது நோயே அன்று. உடலின் இயற்கை நீர்மம். நோயாயின், பெரும்பாலும் மூன்றனுள் ஒன்றாகும். யோனியைக் காத்து நிற்கும் லாக்டோபாசில்லஸ் என்னும் நற்கிருமிகள் குன்றப் பிற பாக்டீரியாக்கள் பெருகுதல் ஒன்று. இதனைப் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பர். கேண்டிடா என்னும் பூஞ்சை மற்றொன்று. உடலுறவாற் பரவும் டிரைக்கோமோனாஸ் என்னும் ஓரணு உயிர் மூன்றாவது.

அரிப்பும் எரிச்சலும் நாற்றமும் இம்மூன்றிடத்தும் மயங்கி வருதலின், கண்ணாற் கண்டு துணிவது பலகாலும் பிழையாகின்றது. மருந்தோ வேறு. பூஞ்சையைக் கொல்லும் புளுக்கோனசோல் டிரைக்கோமோனாசை ஒன்றுஞ் செய்யாது. அதற்குரிய மெட்ரோனிடசோல் பூஞ்சையை அழிக்காது. பிழைபட்ட மருந்துண்டு நலம் பெறாத பெண், தன் தூய்மையிற் குறையோ எனத் தன்னையே நொந்துகொள்கின்றாள். டிரைக்கோமோனாஸ் தீராது நிற்பின் எச்.ஐ.வி. தொற்றுதலும் எளிதாம். 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 15 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இது புதிதாகத் தொற்றியதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இவ்வுயிரை 1836 இல் பாரிஸ் நகரத்தில் முதற்கண் கண்டுரைத்தவர் ஆல்பிரெட் தொன்னே. ஒரு துளி நீர்மத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, உயிர் நீந்துகின்றதா என நுண்ணோக்கியால் நோக்கும் அப்பழைய முறையே இன்றும் பல மருத்துவ நிலையங்களில் நடைபெறுகின்றது. செலவு சிறிது, ஆயினும் உடலைவிட்டு வெளிவந்த சிறிது நேரத்தில் உயிரின் அசைவு ஒழியும், அசையாததனை வெள்ளணுவினின்று பிரித்தறிதல் அரிது. நோயுற்றார் நூற்றுவருள் 44 முதல் 68 பேரே இம்முறையால் அகப்படுவர் என்பர்.

நுண்கூற்றுச் சோதனை நீந்துதலை எதிர்பாராது, உயிரின் மரபிழையைத் தேடுகின்றது. 1983 இல் கேரி மல்லிஸ் கண்ட பொலிமரேஸ் தொடர்வினையில் ஓரிழை இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றுக்களில் கணக்கின்படி நூறு கோடிக்கு மேற்படும். இறந்த கிருமியும் இதற்குத் தப்பாது. சோதனைக்குரிய பஞ்சுக்குச்சியைப் பெண் மறைவிடத்துத் தானே எடுத்தளிக்கலாம். நாணம் மிக்க நம் பெண்டிர்க்கு இஃதொன்றே பெருநலம் என்போம்.

எனினும், கருவி கண்டதெல்லாம் நோயன்று. நலமுடையார் சிலரிடத்தும் கேண்டிடா உறைகின்றது. கார்ட்னெரெல்லா என்னும் பாக்டீரியாவும் அங்ஙனமே. ஆகலின், பாக்டீரியல் வஜைனோசிஸுக்குரிய புதிய சோதனைகள் 'உண்டோ' என்று மட்டும் வினவாது, நற்கிருமியின் அளவையும் ஏனையவற்றின் அளவையும் ஒப்புநோக்குகின்றன. ஈண்டும் சார்பின்றிப் பொருளில்லை. மருந்துண்டு 3 வாரம் கழியுமுன் டிரைக்கோமோனாசை மீண்டுஞ் சோதிப்பின், இறந்த உயிரின் எச்சமே தோன்றி மயக்கும்.

கருவியும் அதற்குரிய பொருள்களும் விலைமிக்கன. அவை இல்லாவிடத்து மருத்துவர் குறிநோக்கி மருந்துகளை ஒருங்கே அளிக்கின்றனர். அதனால், தனக்கில்லாத நோய்க்கும் ஒருத்தி மருந்துண்ண நேரும். அன்றியும், டிரைக்கோமோனாஸ் என்று பெயர் துணியப்பட்டால் கணவனும் உடன் மருந்துண்ண வேண்டும். ஆடவர் பெரும்பாலோர்க்குக் குறியே தோன்றாது. அவன் உண்ணாதொழியின், நலம்பெற்ற மனைவிக்கு நோய் மீளவும் வரும்.