படத்துக்கும் படத்துக்கும் இடையே

சிரஞ்சீவி முரளிக்கு, ஆசீர்வாதம்.

உன் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' நூலை அரைமணியில் பார்த்து முடித்துவிட்டதாகவும், சாய்ந்தும் மங்கியும் கிடக்கும் இப்படங்களில் அப்படி என்ன விசேஷம் என்றும் கேட்டு எழுதியிருக்கிறாய். வருத்தமில்லை, 1959-இல் அது அமெரிக்காவில் வெளிவந்தபோது, புகைப்படப் பத்திரிகைக்காரர்களே உன்னைக் காட்டிலும் கடுமையாக ஏசினார்கள்.

ஜூரிச்சில் பிறந்து, குகன்ஹைம் நிதியின் உதவியோடு 1955-இலும் 56-இலும் பழைய ஃபோர்டு கார் ஒன்றில் அமெரிக்கா முழுவதும் அலைந்து, 27,000-க்கு மேற்பட்ட படங்களை எடுத்த அந்த மனிதர், அவற்றுள் 83-ஐ மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விலக்கிவிட்டார் என்றால், எஞ்சியவற்றைக் கோத்த வரிசையில் அவருக்கு எத்தனை சிரத்தை இருந்திருக்கவேண்டும் என்று யோசித்துப் பார். லாங் பீச் நகரில் பனைசாதி மரங்கள் இரண்டுக்கு நடுவே, உறை போர்த்திய கார் ஒன்று வெயிலில் நிற்கிறதே, அந்தப் படத்தை எடுத்துக்கொள். யாரோ ஒரு தனவந்தர் தம் உடைமையைப் பத்திரமாக மூடிவைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே ஏட்டைப் புரட்டினால், அரிஸோனாவில் 66-ஆம் எண் நெடுஞ்சாலையோரம், கம்பளி போர்த்திய பிரேதம் ஒன்றின் அருகே நால்வர் செயலற்று நிற்கிறார்கள். மறுபடி புரட்டினால், நடுக்கோடு மட்டும் மின்ன, நியூ மெக்ஸிகோவின் சாலையொன்று இருளுக்குள் நீண்டு போகிறது. முதற்படத்துப் போர்வையை இரண்டாம் படத்துப் போர்வை வேறொன்றாக்கிவிட்டதை நீ கவனித்தாயா? கவனித்திருந்தால் அரைமணி போதியிராது.

1958-இல் ராபர்ட் டெல்பீர் பாரிஸில் வெளியிட்ட பதிப்பில், படங்களுக்கு எதிர்ப்பக்கங்களில் அமெரிக்காவைப் பற்றிப் பலர் எழுதியவற்றைத் தொகுத்து அச்சிட்டிருந்தார்கள். அமெரிக்கப் பதிப்பில் அப்பக்கங்களிலிருந்து அவையெல்லாம் நீங்கி, சிறு தலைப்பும் ஊர்ப்பெயரும் மாத்திரம் தங்கின. என் கட்சி பிந்தியதுதான். பக்கத்தில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் கச்சேரி கேட்க முடியுமா? நூலின் முதற்படத்தில் ஜன்னலோரத்துப் பெண்ணின் முகத்தை மறைக்கும் அமெரிக்கக் கொடி, பின்னால் எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விரல்விட்டு எண்ணிப் பார்.

நம் ஊர்க் கிளை நூலகத்துக்கு இந்த நூலைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாயே, அது நல்ல யோசனை. ஒரு மாதம் உன்னோடு வைத்திருந்துவிட்டுக் கொடு. 'புத்தகங்கள் பயன்படுவதற்கே' என்பதை எஸ். ஆர். ரங்கநாதன் நூலக இயலின் முதல் விதியாக 1931-இலேயே எழுதிவைத்தார். இருந்தும், பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு நூலகத்துக்கு அன்பளித்த படநூலில், விடியற்கால வானத்தின் நட்டநடுவே ஊதா மையில் வட்ட முத்திரை குத்திக் கண்ணாடி பீரோவில் பூட்டினார்கள். சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போனபின், அதைத் திறந்து பார்த்தது இராமபாணப் பூச்சி ஒன்றுதான்.

ஆகையால் நூலகரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லி, முத்திரையைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் இடச் சொல். வாசகர் வட்டம் கூடும் நாளில், மேஜைமேல் வெளுத்த வேட்டி ஒன்றை விரித்துப் புத்தகத்தை அதன்மேல் வை. கையைக் கழுவித் துடைத்த ஒருவர் மட்டும் புரட்ட, மற்றவர் சூழ நின்று முதல் முறை வாய் திறவாமல் பார்க்கட்டும். எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் தடுத்துவிடு. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி வைக்காதிருக்கும்படியும் நூலகரிடம் சொல்லிவை. வழவழப்பான காகிதம் ஈரம் கண்டால் ஏட்டோடு ஏடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மையும் கூடவே உரிந்து வரும். லாரி ஓட்டுகிறவர் யாரேனும் வந்தால் அவரை மேஜைக்கு மிக அருகில் நிறுத்து. அந்த 66-ஆம் எண் சாலைப் படத்தை அவர் பார்க்கும்போது நீ அவரைப் பார்.

மாமியும் நானும் சௌக்கியம். முத்திரை எந்தப் பக்கத்தில் விழுந்தது என்பதை மறவாமல் எழுது.

இப்படிக்கு,
உன் மாமா