தேரோட்டத்துக்கு முந்தின வாரம் ஃபில்லர் வேண்டாம்

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும், ராஜபாளையத்தில் சொந்தக்காரர் கல்யாணம், அதற்குள் முகச்சுருக்கத்துக்கு ஃபில்லர் ஊசி போடலாமா? போடுவதானால் ஒரு மாதம் முன்பே போடுங்கள். வீக்கமும் கன்றலும் மறைய 2 வாரம்கூட ஆகலாம்.

மூக்கோரக் கோடுகளுக்கு ஃபில்லர். நெற்றிச் சுருக்கத்துக்குப் பெரும்பாலும் போடாக்ஸ். ஃபில்லர் ஹையலூரானிக் அமில வகையென்றால், தேவைப்பட்டால் ஹையலூரானிடேஸ் ஊசியால் கரைக்கலாம். அந்த மருந்து கைவசம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகலாம். அபூர்வமாகப் பார்வையே பறிபோகும். போட்ட இடம் வெளுத்தாலோ, வலி கூடினாலோ, கண் மங்கினாலோ அந்த நிமிடமே டாக்டரிடம் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பியூட்டி பார்லரில் வேண்டவே வேண்டாம். பதிவுபெற்ற தோல் மருத்துவர் மட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஃபில்லரின் பலன் பெரும்பாலும் 6 முதல் 18 மாதம்தான், பிறகு மறுபடி செலவு.