சிலோன்காரருக்கு வீட்டுக்கடன்

சிவகிரியில் கடன் அதிகாரியாகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு,

எலுமிச்சை வியாபாரிகளுக்கும் டிராக்டர் கடன்காரர்களுக்கும் நடுவே, என்றைக்காவது ஒருவர் வீட்டுக்கடன் கேட்டு வருவார். தாய்ப்பத்திரம், பட்டாவோடு ஓரம் நைந்த குடும்ப அட்டை ஒன்றையும் மேசையில் வைப்பார். இலங்கையிலிருந்த இந்தியத் தூதரகம் அவருடைய அப்பாவுக்குக் கொடுத்தது அது. “சிலோன்காரங்க, பாத்துக்கோ” என்று பக்கத்திலிருந்து குரல் வரும். அதைக் கேட்டு ஃபைலை மூடிவிடாதே.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்கள் இந்தியக் குடிமக்கள். வீடு வாங்கவோ அடமானம் வைக்கவோ சட்டத்தில் தடையில்லை. ஆனால் ஈடு காட்ட நிலம் ஏது, ஜாமீன் போட உறவு ஏது? பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே 1969இல் மத்திய அரசு ரெப்கோ வங்கியைத் தொடங்கியது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களின் நிலை வேறு.

அவர்கள் அகதிகள், சட்டத்தின் கணக்கில் இலங்கைக் குடிமக்கள். ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே வீடோ நிலமோ வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம். நீண்டகால விசாவில் இருக்கும் பாகிஸ்தான், வங்கதேச, ஆப்கானிஸ்தான் சிறுபான்மையினர் குடியிருக்க ஒரு வீடு வாங்கலாம் என்று 2018 அந்நியச் செலாவணி விதிகள் வழிவிட்டன. அந்தச் சலுகை இலங்கைத் தமிழருக்கு இல்லை. நாற்பது வருடமாக முகாமில் கிடந்து, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைத்தவர்களுக்கு இது பெரிய அநியாயம். ஒரு கிளையில் உட்கார்ந்து உன்னால் அதை மாற்ற முடியாது. அந்தத் தடையைத் தாயகம் திரும்பியவரின் தலையிலும் கட்டாமல் இருக்க உன்னால் முடியும்.

எனவே முதலில் குடியுரிமைச் சான்றைப் பார். பழைய அட்டையில் ‘லெட்சுமணன்’, ஆதாரில் ‘லட்சுமணன்’ என்றிருந்தால் அது மோசடி அல்ல. இருவரும் ஒருவரே என்று அஃபிடவிட் வாங்கி வக்கீல் கருத்துக்கு அனுப்பு.

கடன் கொடுப்பதில் பாலினம், சாதி, மதம் பார்க்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை நெறி. அமெரிக்காவின் சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தில் 1976இலேயே பூர்வீக நாடும் சேர்ந்துவிட்டது. நம் நெறியில் அந்தச் சொல் இல்லாததால் உன் பொறுப்பு கூடுகிறது. மறுத்தே ஆக வேண்டுமென்றால் காரணத்தை எழுதிக் கொடு. “மேலிடத்தில் ஒத்துக்கமாட்டாங்க” என்று வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பினால், அவர் எதைக் காட்டி முறையிடுவார்?