மாதவிடாய் நிற்கும் காலத்தில் மறதி: ஹார்மோன் சிகிச்சை உதவுமா?

தேக்கா சந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, எதை வாங்க வந்தோம் என்பது நினைவுக்கு வரவில்லை. வேலையிடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, நன்கு தெரிந்த ஒரு சொல் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது. ஒரே கடிதத்தை மூன்று முறை படித்தும் மனத்தில் பதியவில்லை. உங்களுக்கு 45 வயதுக்கு மேல் ஆகி, மாதவிடாயும் முன்போல் ஒழுங்காக வரவில்லை என்றால், இவை உங்களுக்குப் பழக்கமான அனுபவங்களாக இருக்கலாம். “அம்மாவுக்கு வந்த மறதிநோய் எனக்கும் வந்துவிட்டதோ?” என்று வெளியே சொல்லாமல் பயப்படுகிறவர்களும் உண்டு.

பெரும்பாலோருக்கு அது மறதிநோய் அல்ல. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் அளவு ஏறி இறங்குகிறது. நினைவாற்றலுக்கும் கவனத்துக்கும் உரிய மூளைப் பகுதிகளிலும் இந்த ஹார்மோன் செயல்படுவதால், அங்கேயும் தடுமாற்றம் தெரிகிறது. இத்துடன், இரவில் திடீரென உடல் சூடேறி வியர்த்து எழுந்தால் தூக்கம் கெடுகிறது. நான்கு இரவுகள் சரியாகத் தூங்காத எவருக்கும் சொற்கள் தப்பத்தான் செய்யும். மாதவிடாய் நின்று உடல் பழகிய பின் பலருக்கு இந்த நிலை சீராகிறது.

ஹார்மோன் சிகிச்சை எதற்கு?

மறதிக்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை. மறதிநோயைத் தடுக்கவும் அது தரப்படுவதில்லை. 2003ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கிய பெண்களிடையே மறதிநோய் அதிகமாகக் காணப்பட்டது. அண்மையில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் பின்னர் நடத்திய ஆய்வுகளில் அத்தகைய தீங்கு தெரியவில்லை. ஆனால் நினைவாற்றல் கூடியதாகவும் தெரியவில்லை.

அப்படியானால் சிலர், “மாத்திரை எடுத்தபின் தலை தெளிந்துவிட்டது” என்கிறார்களே? அதுவும் உண்மையாக இருக்கலாம். வெப்ப உணர்வையும் இரவு வியர்வையையும் தணிப்பதில் ஹார்மோன் சிகிச்சைதான் அதிகப் பலன் தருகிறது. வியர்வை நின்று தூக்கம் திரும்பினால், கவனமும் கூடவே திரும்புகிறது. ஆகவே, மருத்துவரிடம் மறதியை மட்டும் சொல்லாதீர்கள். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கும், தொந்தரவு கடுமையாக இருந்தால், பொதுவாக நன்மையே அதிகம். கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டோஜனும் தேவை. இல்லையேல் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் அபாயம் கூடும். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக உட்கொள்வதைவிட, தோலில் ஒட்டும் பட்டையாகவோ தடவும் ஜெல்லாகவோ பயன்படுத்தினால் ரத்தம் உறையும் அபாயம் குறைவு. இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த சிகிச்சையை நீண்டகாலம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடுகிறது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்தாலும் முன்பு வந்திருந்தாலும், அல்லது காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலும், இந்தச் சிகிச்சை பொதுவாகத் தரப்படாது.

தோழி தந்த மாத்திரையையோ ஊரிலிருந்து யாரோ வாங்கி வந்ததையோ எடுக்காதீர்கள். அவருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருக்கலாம். அவருக்கு உகந்த மருந்து உங்களுக்கு ஆபத்தாகிவிடும்.

வேறு காரணமும் இருக்கலாம்

எல்லாவற்றையும் மாதவிடாயின் தலையில் போட்டுவிடக்கூடாது. தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு ஆகியவையும் மறதி தரும். மாதவிடாய் நிற்கும் முன் அதிக ரத்தப்போக்கு இருந்தால் ரத்தசோகை வரலாம். சைவ உணவு உண்பவர்களுக்கும், நீரிழிவுக்காக நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் சில மாத்திரைகள்கூட மூளையை மந்தப்படுத்தும். இவற்றில் பலவற்றை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கேளுங்கள்.

வைத்த சாவியை மறந்து, பிறகு தேடி எடுப்பது ஒன்று. பல ஆண்டுகள் குடியிருக்கும் புளோக்குக்கே வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே கேட்டது தெரியாமல் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய சமையலைச் செய்யத் தெரியாமல் திகைப்பது ஆகியவை வேறு. அவற்றைப் பெரும்பாலும் வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். அப்படியானால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். திடீரெனப் பேச்சுக் குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள்.

சிகிச்சையைத் தொடங்கினால், சுமார் மூன்று மாதத்தில் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தூக்கம் சீராகியும் மறதி அப்படியே இருந்தால், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவார்.